எனக்கென்று விட்ட நாலு நிமிடம்

கசெட்டின் முதுகில் இரண்டு சின்னப் பொத்தல்கள் இருக்கும். கடையில் பாட்டோடு விற்கிற கசெட்டுக்கு மேலே ஒன்றும் பதிய முடியாதபடி செய்து வைத்த ஏற்பாடு அது. அந்தப் பொத்தல்களின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் போதும், எந்தப் பாட்டையும் அழித்துவிட்டு எங்கள் குரலைப் போடலாம். இது தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் உங்கள் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை கிடையாது.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போன மாதம் இரண்டு துண்டுக் கடதாசி பார்த்தேன். பார்த்த நேரத்திலிருந்து கையில் வேலை ஓடவில்லை. பல் துலக்கப் போனால் பிரஷ்ஷைப் பிடித்தபடி நிற்கிறேன். பாணுக்குப் பட்டர் பூசிவிட்டு அதைச் சாப்பிட மறந்து வேலைக்குப் போகிறேன். அதிர்ச்சி, அதிர்ச்சி என்று பஸ் பிந்தினாலும் சொல்லுவோமே, இது அந்த வகை இல்லை. ஆனால் எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு குளிர்காலத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் அகதி ஹொஸ்டலில் இருந்தார். நாங்கள் லண்டனில், அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மேல்வீட்டில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதப் பஞ்சி, பேனை பிடிக்கச் சோம்பல். கசெட்டில் பேசி அனுப்புவார். நாங்களும் அதே கசெட்டில், அவர் பேசினதுக்கு மேலேயே பேசித் திருப்பி அனுப்புவோம். ஒரே கசெட் போய்ப் போய் வரும். நீங்களும் இப்படித்தான் செய்திருப்பீர்கள். ஒவ்வொரு பதிலும் முந்தின கடிதத்தை அழித்துவிடுகிறது என்று அப்போது யாரும் கவலைப்படவில்லை.

அந்தக் கசெட்டின் அட்டையைப் பார்த்து எங்கள் வீடே திகைத்தது. பதினொரு பேர் வரிசையாக நிற்பார்கள். எல்லோருக்கும் மீசை, சுருட்டைத் தலை, ஒரே நிறக் கோட்டு. கையில் மைக். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவையள் பந்தடிக்கிற ஆக்களெண்டு தம்பி சொல்லுறார். பிறகேன் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்?”

“பாடுறாங்களாம்,” என்றார் அப்பா.

“பந்தடிக்கிறவையே பாடினால் பாட்டுக்காரர் என்ன செய்யிறது?”

சித்தப்பா அடுத்த தரம் அதற்கும் பதில் சொன்னார். “அண்ணி, இஞ்சை ஒவ்வொரு உதைபந்துக் கழகத்துக்கும் ஒரு பாட்டிருக்கு, எங்கட கோயிலுகளுக்குப் பதிகம் இருக்கிற மாதிரி. டீவியிலை ஒரு ஆள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து காதல் பாட்டுப் பாடும். அடுத்த சனிக்கிழமை மைதானத்திலை சனம் அதே மெட்டிலை காதலியின்ரை பேரை எடுத்துப்போட்டு கழகத்தின்ரை பேரைப் போட்டுப் பாடும். கேட்டியளெண்டா உங்களுக்கும் கால் ஆடும்.”

கசெட்டை அவருக்குக் கொடுத்தது ஹொஸ்டலைப் பார்த்துக்கொள்கிற ஒரு ஜேர்மன் கிழவர். பாட்டோடு கொடுத்தார், சித்தப்பா செலோடேப் ஒட்டிக் குரலாக்கிவிட்டார். ஒரு பக்கம் அரை மணி நேரம். சித்தப்பா எவ்வளவு பேசினாலும் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சின இடத்தில் அந்தக் கழகத்தின் பாட்டு இருந்தது. முதலில் குழல்கள் ஊதும், பிறகு அக்கோடியன், பிறகு அந்த மீசைக்காரர்கள் ஆளுக்கொரு சுருதியில் எழும்புவார்கள், நடுவில் பெரிய கைதட்டல். நாலு நிமிடம். எனக்கு அந்தப் பாட்டில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு சொல்லும் விளங்காது, முழுவதும் பாடமாக்கி வைத்திருந்தேன். குளியலறையில் பாடுவேன், படியிறங்கும்போது பாடுவேன். அம்மா காதைப் பொத்துவார்.

என் தொல்லை தாங்காமல் அப்பாவும் சித்தப்பாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கடைசி நாலு நிமிடத்தில் யாரும் பேசுவதில்லை. “அது பிள்ளையின்ரை இடம், நான் தொடமாட்டன்,” என்று சித்தப்பா எனக்குச் சத்தியம் பண்ணியே அனுப்பினார்.

அப்பா பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தார். கசெட் வந்தால் ஞாயிறு காலை வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஞாயிறு குளித்து, விபூதி பூசி, கொப்பியும் பேனையுமாக மேசையில் இருப்பார். பதில் பேசும்போது கடிதம் அழிந்துவிடும் அல்லவா, அதனால் தம்பி கேட்டதை எல்லாம் முதலில் இலக்கம் போட்டு எழுதிக்கொள்வார். ஒன்று, ஊரிலிருந்து கடிதம் வந்ததா. இரண்டு, எந்த அளவுச் சப்பாத்து அனுப்புகிறது. மூன்று, பிள்ளையின் படிப்பு. அடுத்த ஞாயிறு பதில். பதிவதற்கு இரண்டு பொத்தானை ஒரேயடியாக அமத்த வேண்டும், அது என் வேலை. நான் அமத்தினதும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வானொலியில் செய்தி வாசிக்கிறவர் குரலில் தொடங்குவார். “தம்பி, நீ கேட்ட மூண்டு விசயத்துக்கும் பதில் சொல்லுறன். முதலாவது…”

இப்படித்தான் ஒவ்வொரு தரமும் தொடங்குவார். எத்தனை விசயம் என்று எண்ணிச் சொல்லாமல் அவருக்குப் பேச வராது.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பந்து மைதானம் இருந்தது. அங்கே மட்ச் நடக்கிற சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஊரடங்குச் சட்டம், கறுத்த ஆக்களைக் கண்டால் மட்ச் சனம் அடிக்கும் என்று பயம். அப்பா யன்னல் சீலையை இழுத்து மூடுவார். கீழ்க்கதவுக்கு இரண்டு பூட்டு. அம்மா அன்றைக்குக் கறி தாளிக்க மாட்டார், வாசம் வெளியே போய்விடுமாம்! அவித்து மட்டும் வைப்பார். உண்மையைச் சொல்ல வேண்டும், ஒருநாளும் ஒருவரும் எங்கள் கதவுக்கு ஒரு கல்லும் எறிந்ததில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் ஆம்பிளைகள் பாடிக்கொண்டு தெருவால் போகும்போது நாங்கள் மூன்று பேரும் உப்புச்சப்பில்லாத அவியலைத் தின்றுகொண்டு மூச்சுக் காட்டாமல் இருப்போம்.

இப்படியிருந்த வீட்டுக்குத்தான் அந்தக் கசெட் வந்தது. சித்தப்பா பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு இரைச்சல். முதலில் மழை என்று நினைத்தோம்.

“அண்ணை, இப்ப நான் எங்கை நிக்கிறன் சொல்லுங்கோ பாப்பம்? மைதானத்துக்குள்ளை! பிளேயரைக் கோட்டுக்குள்ளை ஒளிச்சுக் கொண்டுவந்திட்டன். கிழவர் தன்ரை ஸ்கார்ஃப்பை என்ரை கழுத்திலை சுத்திவிட்டிருக்கிறார். பிள்ளை, கேள், கேள், உன்ரை பாட்டு!”

இரைச்சல் பாட்டாக மாறிற்று. என் பாட்டு. ஆயிரம் பேர் பாடினார்கள். அவர்களுக்கு நடுவில் சித்தப்பாவின் யாழ்ப்பாணத்துக் குரல் தனியாகக் கேட்டது.

அம்மா நெஞ்சில் கையை வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். அப்பா பேனையைப் போட்டுவிட்டு எழும்பினார்.

“இவனுக்கென்ன விசரே? நாங்கள் இஞ்சை கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறம், இவன் அதுக்குள்ளை போய் நிண்டு பாடுறானாம்!”

எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஆள் யன்னல் சீலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறார்!

அப்பா பதிலில் ஏசி அனுப்பினார். சித்தப்பா கோபப்படவில்லை. “அண்ணை, உங்களுக்கு வீடிருக்கு, அண்ணி இருக்கிறா, பிள்ளை இருக்கு. இஞ்சை எனக்கு வேலை செய்ய அனுமதியில்லை, இந்தப் பகுதியை விட்டு வெளியிலை போகவும் அனுமதியில்லை. கிழமையிலை ஆறு நாள் கட்டிலிலை இருந்து சுவரைப் பாக்கிறன். ஏழாம் நாள் மட்டும் இவ்வளவு சனத்தோடை சேர்ந்து வாய் திறக்கிறன். அதை விடச் சொல்லாதேங்கோ.” அதற்குப் பிறகு சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார். “ரயில் ஸ்டேஷனடியிலை கொஞ்ச வெள்ளைப் பொடியள் நிக்கிறாங்கள். எங்கடை ஆக்களைக் கண்டால் துப்புவாங்கள். நான் மற்றப் பக்கத்தாலை சுத்திப் போறனான்.” அதை அப்பா இலக்கம் போட்டு எழுதவில்லை. அது கேள்வி இல்லையே.

பனி கரைந்து, பள்ளிக்கூட முற்றத்தில் மஞ்சள் பூக்கள் வந்த கிழமை ஒரு கசெட் வந்தது. வியாழக்கிழமை. ஞாயிறு வரைக்கும் பொறுக்க என்னால் முடியவில்லை. கடிதம் எனக்குத் தேவையில்லை, பாட்டு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சனிக்கிழமை பின்னேரம் வெளியே மட்ச் சனம் போகிறது, அப்பா வேலை முடித்து வந்து நித்திரை, அம்மா குசினியில். படிக்குக் கீழே கோட்டுகள் தொங்குகிற அலுமாரிக்குள் பிளேயரோடு போய் இருந்தேன். கசெட்டைக் கடைசிக்கு ஓட்டினேன். குழல் ஊத வேண்டிய இடத்தில் குழல் இல்லை.

சித்தப்பாவின் குரல். “கடைசியா ஒண்டு, அண்ணை…”

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சத்தியம் பண்ணிவிட்டு என் இடத்தில் பேசுகிறாரா? ஒரு சொல்லும் மேற்கொண்டு கேட்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

என்னிடம் அந்தப் பாட்டுக்கு ஒரு பிரதி இருந்தது. முந்தி ஒருநாள் அம்மாவின் பெரிய பிளேயரையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோகிற சின்னப் பிளேயரையும் முகத்துக்கு முகம் வைத்து நானே பதிந்தது. நடுவில் அம்மாவின் குக்கர் இரண்டு விசில் அடித்துவிட்டது, அதுவும் சேர்ந்தே பதிந்திருந்தது. மற்றப் பிளேயரையும் அலுமாரிக்குள் கொண்டுவந்தேன். கோட்டுகளால் மூடினேன். இரண்டு பொத்தானையும் ஒரேயடியாக அமத்தினேன். பாட்டை அது இருக்க வேண்டிய இடத்தில் திருப்பி வைத்தேன். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் அப்பா கொப்பியோடு இருந்தார். கடிதம் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதினார். பிறகு குழல்கள் ஊதின, மீசைக்காரர்கள் எழும்பினார்கள், குக்கர் விசில் அடித்தது. ஜேர்மன் பாட்டுக்குள் எங்கள் குக்கர்! அப்பாவின் பேனை நின்றது.

“இது ஆர் செய்தது?”

“நான்தான்… சித்தப்பா என்ரை இடத்திலை கதைச்சவர்.”

“என்ன கதைச்சவர்?”

“தெரியாது. நான் கேக்கேல்லை.”

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். எங்கள் அப்பா கை நீட்டாத ஆள் இல்லை. கசெட்டைத் தொட்டதுக்கே தோல் உரித்திருப்பார். ஆனால் அவர் என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவினார். “சரி, போ பிள்ளை. பிழையில்லை,” என்றார். அப்பா என்னிடம் காட்டின அன்பில் மிகப் பெரிது அதுதான் என்று நாற்பது வருடங்களாக நினைத்திருந்தேன். என் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பதில் பதிந்தோம். நான்தான் பொத்தானை அமத்தினேன். அப்பா என்ன பேசினார் என்று நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் கடைசி நாலு நிமிடத்தில் அவர் கால் வைக்காமல் நிறுத்துகிறாரா என்பதில்தான் இருந்தது. நிறுத்தினார்.

ஆறு கிழமை கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. ஹொஸ்டலில் இருந்த ஒரு தமிழ்ப் பொடியன் கதைத்தான். அந்தப் பருவத்தின் கடைசி மட்ச். கழகம் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. ஸ்டேஷனடியில் நிற்கிற அந்தப் பொடியள் மைதானத்து வாசலில் சித்தப்பாவைச் சூழ்ந்திருக்கிறார்கள். போத்தலால் அடித்திருக்கிறார்கள். வலது காது போய்விட்டது. சித்தப்பாவின் கழுத்தில் கழகத்து ஸ்கார்ஃப். அடித்தவர்களின் கழுத்திலும் அதே ஸ்கார்ஃப். அவர்களைத் தள்ளி விழுத்திவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடின கிழவரின் கழுத்திலும் அதேதான்.

அப்பா றிசீவரைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றார். அம்மா தலையில் அடித்துக் கத்தினார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பாட்டின் கைதட்டல்தான் திரும்பத் திரும்ப மண்டைக்குள் கேட்டது.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து சித்தப்பாவே கதைத்தார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கத்திக் கதைத்ததால் எனக்கும் கேட்டது.

“அண்ணை, நான் கசெட்டிலை சொன்னனானே… பொடியள் என்னைக் குறிவைச்சிட்டாங்கள், இந்த ஊரிலை இருந்து எடுங்கோ எண்டு. நீங்கள் பொறுப்பெடுக்கிறதா ஒரு கடிதம் தந்தாப் போதும், லோயர் மிச்சத்தைப் பாப்பார் எண்டு கேட்டனானே?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தம்பி, அது எங்களுக்கு வந்து சேரேல்லையடா. பிள்ளை விளையாட்டா மேலை பாட்டைப் பதிஞ்சு போட்டுது.”

 “ஓ… அப்பிடியே. சரி அண்ணை,” என்றார் சித்தப்பா.

எனக்குப் பத்து வயது. எனக்கென்று விட்ட நாலு நிமிடத்துக்குள் வந்துதான் அவர் தன் உயிரைக் காப்பாற்றக் கேட்டிருக்கிறார், நான் அதை அழித்திருக்கிறேன். அன்றைக்கே காய்ச்சல் வந்தது. பிறகு அது குடும்பக் கதையாகிவிட்டது. கலியாண வீட்டில், பிறந்தநாளில், யாராவது மாமி என் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு சொல்லுவார், “இவள்தானே அந்தக் கசெட்டை அழிச்சவள்!” எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். நானும் சிரிக்கப் பழகினேன். வீட்டில் பாட்டுப் போடுவதை மட்டும் விட்டுவிட்டேன். யார் போட்டாலும் எழும்பிப் போய்விடுவேன்.

தொண்ணூறுகளில், பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தனியாகச் சித்தப்பாவிடம் போனேன். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிற எண்ணத்தோடுதான் போனேன். அவர் அதே ஊரில்தான் இருந்தார், ஒரு பேக்கரியில் வேலை. போன மறுநாள் சனிக்கிழமை. என்னைக் கூட்டிக்கொண்டு எங்கே போனார் தெரியுமா? அதே மைதானத்துக்கு! அதே ஸ்கார்ஃப்! நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“சித்தப்பா, அவங்களும் இதைத்தானே போட்டிருந்தவங்கள்?”

“ஓம். கிழவரும் இதைத்தானே போட்டிருந்தவர்? அவங்கள் சொல்லி நான் ஏன் கழட்ட வேணும்?”

நின்று பார்க்கிற பகுதியில், கேட்கிற காது சனத்தின் பக்கம் இருக்கிற மாதிரி ஒரு மூலை அவருக்கென்று இருந்தது. பக்கத்தில் நிற்கிறவர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். ஒருவர் தனக்குப் பன்றி சொசேஜ் வைத்த பணிஸும் பன்றி தின்னாத சித்தப்பாவுக்கு வெறும் பணிஸும் வாங்கிக்கொண்டு வந்தார், கேட்காமலே. மட்ச் தொடங்க முந்தி ஒலிபெருக்கியில் குழல்கள் ஊதின. எல்லோரும் ஸ்கார்ஃப்பைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள். பாடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், வாய் தானாகத் திறந்துவிட்டது. ஒரு சொல் பிசகாமல் வந்தது. குக்கர் விசில் வருகிற இடத்தில் மட்டும் நான் நின்றேன், சனம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். மன்னிப்புக் கேட்டபோது, “அதை விடு பிள்ளை,” என்று பேச்சை மாற்றினார். எவ்வளவு பெரிய மனம் என்று ரயிலில் அழுதுகொண்டு வந்தேன்.

அப்பா போன மாதம் காலமானார். நாங்கள் லண்டனிலேயே கிங்ஸ்பரிக்கு வந்து கனகாலம். சித்தப்பா செத்தவீட்டுக்கு வந்தவர், முப்பத்தோராம் நாள் கிரியை முடித்துத்தான் போவேன் என்று எங்களோடு தங்கினார். அப்பாவின் அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் ரின் வந்தது. உள்ளே அந்தக் காலத்துக் கொப்பித் தாள்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு தாளோடும் பின் குத்தி இன்னொரு துண்டு இருந்தது. பெற்றோல் ஸ்டேஷன் மெஷினில் ரசீது அடிக்கிற ஒடுங்கின கடதாசி. அதிலும் அதே இலக்கங்கள், அதே விசயங்கள்.

“இதென்னம்மா, எல்லாத்திலையும் ரெண்டு ரெண்டு?” என்று கேட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “அவர் முதல் வேலைக்குக் கொண்டுபோய்த் தனியக் கேட்டுப்போட்டுத்தானே எங்களுக்குப் போடுறவர். ஊரிலை ஆரும் செத்துகித்துப் போயிருந்தா, நாங்கள் திடீரெண்டு கேக்கக்கூடாதெண்டு.”

சாதாரணமாகத்தான் சொன்னார்.  தாள்களைக் கட்டிலில் பரப்பினேன். சோடி சோடியாக எல்லாம் பொருந்தின. ஒரு சோடி மட்டும் பொருந்தவில்லை. கொப்பித் தாளில் நாலு விசயம். ரசீதுக் கடதாசியின் தலையில் ‘வெள்ளி’ என்று எழுதி, கீழே ஐந்து விசயம். ஐந்தாவது இது: ‘பொடியள் அடிக்க வாறாங்களாம். எடுக்கட்டாம். பொறுப்புக் கடிதம்.’ அதற்குக் கீழே பேனையை அழுத்தி, ‘என்ரை கேஸ் ஹோம் ஒஃபிஸில். கையெழுத்து வைக்க ஏலாது.’

வெள்ளிக்கிழமை. நான் அழித்தது சனிக்கிழமை.

 என் தலையைத் தடவின அந்தக் கை! எனக்காகத் தடவவில்லை. தான் தப்பினேன் என்ற ஆறுதலில் தடவியிருக்கிறார். எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. எங்கள் விசா ஹோம் ஒஃபிஸில் முடிவாகாமல் அந்தரத்தில் தொங்கினது எனக்கும் தெரியும், கையெழுத்து வைத்தால் அதுவும் போய்விடும் என்று பயந்திருப்பார். பயந்ததை நான் மன்னிப்பேன். ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அதை இறக்கி வைத்துவிட்டு, கலியாண வீடுகளில் பக்கத்தில் நின்று சிரித்தாரே! 

கடதாசிகளோடு குசினிக்குப் போனேன். சித்தப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கேட்கிற காதுப் பக்கம் போய் நின்று இரண்டையும் நீட்டினேன். வாசித்தார். மடித்தார்.

“எனக்குத் தெரியும், பிள்ளை.”

முதல் அதிர்ச்சியாவது செத்துப்போனவர் தந்தது. இது உயிரோடு முன்னால் இருந்துகொண்டு சொல்லுகிறது.

“என்னெண்டு தெரியும்?”

“அண்ணை பதில் பேசேக்கை வழக்கம்போலத் தொடங்கினவர். ‘தம்பி, நீ கேட்ட அஞ்சு விசயத்துக்கும் பதில் சொல்லுறன்’ எண்டு. பிறகு நாலைத்தான் சொன்னவர். நான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தன். அஞ்சாவது வரேல்லை. உன்ரை பாட்டு வந்துது, குக்கர் விசிலோடை.”

“அப்ப போனிலை அவர் என்ரை தலையிலை போடேக்கை ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

“அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கொண்டுதான் அண்ணை என்னோடை கதைச்சவர். அதையும் பறிச்சா அவருக்கு என்ரை முகத்திலை முழிக்க ஏலாமல் போயிருக்கும். எனக்கு அண்ணையை விட்டா வேறை ஆர்? நீ சின்னப்பிள்ளை, மறந்துபோவாய் எண்டு நினைச்சன்.”

“நான் மறக்கேல்லை, சித்தப்பா. ஒரு பாட்டும் கேக்கிறேல்லை நான்.”

கோப்பையைக் கீழே வைத்தார். 

முப்பத்தோராம் நாள் வீடு நிறையச் சனம். அப்பாவின் படத்துக்கு மாலை. சாப்பாடு நடக்கும்போது, எண்பது வயது மாமி ஒருவர், துக்கத்தை மாற்றத்தான் பாவம், என் கையைப் பிடித்தார். “கொப்பருக்கு நீ சரியான செல்லம். அந்தக் கசெட்டை அழிச்சதுக்கே அடிக்கேல்லை, என்ன?” நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் வழக்கம்போலச் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. கைப்பை தோளில் இருந்தது, கடதாசிகள் அதற்குள்.

எடுக்கவா, விடவா என்று நான் நிற்கிறேன். சித்தப்பா சாப்பிட்ட கையைக் கழுவி, துடைத்து, என்னிடம் வந்து கையை நீட்டினார். “அந்தத் துண்டைத் தா.” கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். தொண்டையைச் செருமினார். அப்பாவின் அதே செய்தி வாசிக்கிற குரல்.

“அண்ணையிட்டை நான் கேட்ட அஞ்சு விசயம். ஒண்டு…”

 ஒன்று வாசித்தார், இரண்டு வாசித்தார். அம்மாவின் கையில் பாயசக் கரண்டி அப்படியே நின்றது. ஐந்தாவதையும் வாசித்தார், அதற்குக் கீழே இருந்ததையும் வாசித்தார், தலையில் இருந்த ‘வெள்ளி’யையும் வாசித்தார். பிறகு கடதாசியை மடித்து என் கையில் வைத்துவிட்டு, மாமியின் பக்கம் திரும்பினார்.

“மச்சாள், பிள்ளை ஒண்டையும் அழிக்கேல்லை. பிள்ளை பாட்டுத்தான் பதிஞ்சது.”